கற்கப் போவதும் உதவப் போவதும்

விடுமுறைக் காலத்தில் கடல் கடந்து சென்று ஓர் அயல்மொழியைக் கற்பதும், அம்மொழி வழங்கும் நாட்டு மக்களுக்குத் தொண்டு புரிவதும் ஆகிய இரண்டையும் ஒருங்கே செய்து மீளுதல், மேனாட்டு மாணவரிடையே இந்நாளில் பெருவழக்காய் அமைந்துள்ளது. அவருள் பலர் நாடும் மொழி ஸ்பானிய மொழி. அதன்பொருட்டுப் பலர் நாடும் இடங்களுள் ஒன்று மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா என்னும் சிறு நாடு. காலையிற் பாடம், மாலையில் தொண்டு, இரவில் ஓர் இல்லத்தாரோடு உணவும் உறையுளும் என வகுத்துக்கொண்டு சில வாரங்கள் அங்குத் தங்குகின்றனர். ஊர் திரும்பியதும், "மொழியும் கற்றோம், உதவியும் செய்தோம்" என்று மனநிறைவோடு கூறிக்கொள்கின்றனர். அயல்நாடு சென்று பயிலும் வாய்ப்பு நம் மாணவர்க்கும் பெருகிவருகின்றது. ஆதலின், இவ்வழக்கத்தின் நன்மை தீமைகளை இப்பொழுதே ஆராய்ந்து வைத்தல் நமக்குத் தகும்.

கற்றலும் உதவலும் ஒரே நுகத்திற் பூட்டிய இரண்டு எருதுகள் போல இணையாக நடப்பன என்று பலர் கருதுகின்றனர். நம் கருத்து அஃதன்று. அயலூரில் மொழி கற்கச் சென்றவர் முதற்கண் பெறுபவரே ஆவர், கொடுப்பவர் அல்லர். பெற்றது பழுத்த பின்னர், அவ்வூரார் விரும்பிக் கேட்குமிடத்து, கேட்ட அளவிற் கொடுக்கலாம். இவ்வொழுங்கு தலைகீழாக மாறுமாயின், தொண்டு என்ற பெயரால் எளியோர்க்குத் தீங்கு நேரும். இதனை நிலைநாட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் உலகில் ஏறத்தாழ 50 கோடிப் பேர். ஸ்பெயின் தேசம் ஒன்றே அதற்கு உரியதென எண்ணற்க. மெக்சிகோ முதல் ஆர்ஜென்டீனா வரை அமெரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதியில் அரசாட்சியும் நீதிமன்றமும் பள்ளியும் சந்தையும் அம்மொழியாலேயே நடைபெறுகின்றன. குவாத்தமாலாவில் அந்திகுவா என்றொரு பழைய நகரம் உண்டு. 1773-ஆம் ஆண்டு நேர்ந்த நிலநடுக்கத்தால் சிதைந்து, தலைநகராம் பெருமையை இழந்து, இடிந்த கோயில்களும் கல் பாவிய வீதிகளுமாக எரிமலைகளின் நடுவே அமர்ந்திருப்பது அந்நகரம். ஐக்கிய நாடுகளின் கல்வி பண்பாட்டுக் கழகம் 1979-இல் அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அந்நகரிலும், மேற்கே மலைநாட்டிலுள்ள கெட்சால்தெனாங்கோ நகரிலும் ஸ்பானிய மொழிப் பள்ளிகள் பல உள.

அப்பள்ளிகளிற் பயிற்றும் முறை நாம் அறிந்து மகிழத்தக்கது. ஒரு மாணவர்க்கு ஓர் ஆசிரியர், அவ்வளவே. சிறு மேசையின் இருபுறமும் இருவரும் எதிரெதிரே அமர்ந்து நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரம் உரையாடுவர். இலக்கணமும் அவ்வுரையாடலூடே வரும். 'இருத்தல்' என்னும் ஒரு பொருளுக்கு ஸ்பானிய மொழியில் இரண்டு வினைகள் உண்டு. நிலையான தன்மையைக் கூற 'சேர்' என்பதும், நிகழும் நிலையைக் கூற 'எஸ்தார்' என்பதும் பெரும்பாலும் வழங்கும். 'அறிதல்' என்பதற்கும் அவ்வாறே இரண்டு. ஒரு செய்தியை அறிதல் 'சபேர்'. ஓர் ஆளையோ ஊரையோ பழகி அறிதல் 'கோனோசேர்'. முன்னிலையில் மதிப்போடு விளிக்க 'உஸ்தேத்' என்பர். நெருங்கியோரை 'வோஸ்' என்பர். நீ என்றும் நீங்கள் என்றும் பிரித்துப் பேசிப் பழகிய நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். வகுப்பு முடிந்ததும் மாணவர் தாம் தங்கும் இல்லத்திற்குச் செல்வர். கறுப்பு அவரையும் சோள ரொட்டியும் உண்டுகொண்டே வீட்டுப் பாட்டியாரோடும் குழந்தைகளோடும் பேசுவர். காலையில் கற்றது மாலையில் நாவிற் புரளும்.

இம்முறையில் மாணவர்க்கு மட்டுமன்றி அவ்வூரார்க்கும் நேரிய நன்மை உண்டு. ஆசிரியர் தம் உழைப்பிற்கு ஊதியம் பெறுகின்றார். இல்லத்தார் உணவிற்கும் அறைக்கும் பணம் பெறுகின்றனர். இரப்போரும் இல்லை, ஈவோரும் இல்லை, கொள்வோரும் கொடுப்போருமே உளர். இதன் உயர்வை ஒரு வரலாற்றால் விளக்குவோம். 1969-ஆம் ஆண்டில் அந்திகுவாவில் 'பிரான்சிஸ்கோ மரோகின் மொழித் திட்டம்' என்னும் நிறுவனம் தோன்றிற்று. அங்கு அயலார்க்கு ஸ்பானிய மொழி கற்பிக்கப்பட்டது. அதனோடு, அந்நாட்டுப் பழங்குடிகளாகிய மாயா மக்களுள் இளைஞரைத் தெரிந்தெடுத்து, தம் தாய்மொழிகளைத் தாமே ஆராய்ந்து இலக்கணமும் அகராதியும் இயற்றுமாறு பயிற்றும் பணியும் 1970-ஆம் ஆண்டுகளில் நடைபெற்றது. மொழிப்பள்ளியின் வருவாய் அப்பணிக்குத் துணை நின்றது. அயல்நாட்டு மாணவர் மேசையருகே அமர்ந்து வினைத்திரிபுகளை ஒப்பித்துக்கொண்டிருந்தார். அவர் செலுத்திய கட்டணம் வேறோர் அறையில் மாயா மொழியொன்றன் அகராதிக்கு உதவிற்று. தாம் தொண்டு செய்வதாக அவர் எண்ணியிரார். எனினும் அதனினும் சிறந்த தொண்டு யாது?

நிற்க. இனி மாலைப்பொழுதின் தொண்டினை நோக்குவோம். பள்ளிச் சிறார்க்கு ஆங்கிலம் கற்பித்தல், அநாதை இல்லத்துக் குழந்தைகளோடு விளையாடுதல், சிற்றூர் வைத்தியசாலையில் உதவுதல், வீடுகளுக்கு அடுப்புக் கட்டுதல், மரம் நடுதல் என அது பலதிறப்படும். இவற்றை மேற்கொள்வோர் பெரும்பாலும் நல்லெண்ணமுடையோரே. அவரது எண்ணத்தை நாம் இகழவில்லை. ஆனால் எண்ணம் நல்லதாயின் செயலும் நல்லதாகவே முடியும் என்னும் துணிபு உலகியலுக்குப் பொருந்தாது.

முதலாவது, மொழியின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அமெரிக்க ஐக்கிய நாட்டு அயலுறவுத் துறை தன் அலுவலர்க்கென ஒரு மொழிப்பள்ளி நடத்துகின்றது. ஆங்கிலம் பேசுவோர்க்கு எளிய மொழிகளுள் ஒன்றாக ஸ்பானிய மொழியை அப்பள்ளி வகுத்துள்ளது. அங்ஙனம் எளியதாகிய அம்மொழியிலும் அலுவல் நடத்துதற்குரிய தேர்ச்சி பெற 600 முதல் 750 மணி நேர வகுப்பு வேண்டும் என்பது அதன் மதிப்பீடு. நம் மாணவரோ நாளொன்றுக்கு 5 மணி, வாரத்திற்கு 5 நாள், 4 வாரம் கற்கின்றார். கூட்டினால் 100 மணி ஆகும். வேண்டிய அளவில் ஆறில் ஒரு பங்குதான். அந்நிலையில், சந்தையில் பழம் வாங்கலாம்; வழி கேட்கலாம்; வீட்டாரை வணங்கி நன்றி கூறலாம். காய்ச்சலோடு வந்த குழந்தையின் தாய் விரைந்து கூறும் குறிகளைப் பிழையின்றி உணர இயலுமா? வகுப்பில் அழும் சிறுவன் எதற்காக அழுகின்றான் என்று அறிய இயலுமா? சட்டியில் இருந்தால் அன்றோ அகப்பையில் வரும்!

அமெரிக்க அரசினர் 1961-இல் நிறுவிய அமைதிப்படையினர் இவ்வுண்மையை உணர்ந்தே தம் முறையை அமைத்தனர். அதிற் சேர்வோர் 27 மாதம் பணிக்கென ஒதுக்க வேண்டும். அதில் முதல் மூன்று மாத அளவு மொழிக்கும் பிற பயிற்சிக்குமே கழியும். அப்படையின் நோக்கங்களைப் பற்றி அறிஞரிடையே பலவாறான அபிப்பிராயங்கள் உள. எனினும் பயிற்சியை முன்னும் பணியைப் பின்னும் வைத்த ஒழுங்கு கொள்ளத்தக்கது.

இரண்டாவது, குழந்தைகளைப் பற்றியது. இதுவே யாவற்றினும் கவலைக்குரியது. அநாதை இல்லங்கள் எனப்படுவனவற்றில் வாழும் குழந்தைகளுள் பெரும்பாலோர்க்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கின்றனர் என்பது பல நாடுகளிலும் ஆராய்ந்து கண்ட உண்மை. அவரை அங்குச் சேர்த்தது பெரும்பாலும் வறுமையே. அயலார் வந்து பரிவோடு நோக்கிப் பொருளுதவி செய்வதால், குழந்தைகளை வீட்டிற்கு அனுப்புவதைவிட இல்லத்திலேயே வைத்திருப்பது சில இடங்களில் ஆதாயமாகிவிடுகின்றது. அன்றியும், ஒரு மாதம் மடியில் ஏந்திக் கொஞ்சிய அக்காள் ஒருத்தி ஒருநாள் காலையில் மறைந்துபோகின்றாள், மறுமாதம் வேறொருத்தி வருகின்றாள், அவளும் போகின்றாள். அன்பு என்பது வந்துபோவது என்னும் பாடத்தை அப்பிஞ்சு நெஞ்சம் கற்கின்றது. அப்பாடத்தைக் கற்பித்தோர் யார்? தொண்டு செய்ய வந்தோரே. ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2019 டிசம்பரில் குழந்தைகளின் உரிமை பற்றி நிறைவேற்றிய தீர்மானத்தில், சுற்றுலாவை ஒட்டி அநாதை இல்லங்களில் நடைபெறும் தொண்டர் திட்டங்களால் விளையும் தீங்கைத் தடுக்குமாறு அரசுகளைக் கேட்டுக்கொண்டமை ஈண்டு நினைக்கத்தக்கது.

"சிறிய உதவியாயினும், ஒன்றும் இல்லாமையினும் மேலன்றோ?" எனச் சிலர் வினவுவர். கேட்பதற்கு இனிய வாதம். ஆனால் ஒன்றும் இல்லாத வெற்றிடத்திற்கு எவரும் செல்வதில்லை. செல்லுமிடத்தில் முன்பே ஓர் ஆசிரியை இருக்கின்றாள். ஒரு கொத்தனார் இருக்கின்றார். ஒரு மருத்துவச்சி இருக்கின்றாள். பணம் வாங்காது பணி செய்வோர் ஆண்டுதோறும் வருவரேல், ஊதியம் கொடுத்து உள்ளூராரை அமர்த்த எவரும் முன்வாரார். தொண்டர் செய்த வேலை மிஞ்சலாம். உள்ளூரார் பிழைப்பு குன்றும்.

உதவியை அளந்தறிவதன் அருமைக்கு மற்றுமோர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். குவாத்தமாலாவின் மலைநாட்டு இல்லங்களில் தரையில் மூன்று கல் வைத்து விறகெரிப்பது பழவழக்கம். புகை வீடெங்கும் சூழ்ந்து குழந்தைகளின் நெஞ்சைக் கெடுக்கும். புகைபோக்கி வைத்த அடுப்புக் கட்டித் தருதல் தொண்டருக்கு மிகவும் உகந்த பணிகளுள் ஒன்று. இவ்வடுப்பால் விளையும் பயனை அளந்தறிய, சான் மார்கோஸ் மாவட்டத்து மலைச் சிற்றூர்களில் 2002 முதல் 2004 வரை ஆராய்ச்சியாளர் 500-க்கு மேற்பட்ட வீடுகளைத் தெரிந்தெடுத்து, சீட்டுப் போட்டுச் சில வீடுகளுக்கு முன்னரும் சில வீடுகளுக்குப் பின்னரும் அடுப்புக் கட்டுவித்து, குழந்தைகளை வாரந்தோறும் கண்டு வந்தனர். அதன் முடிவுகள் 2011-இல் வெளிவந்தன. கடுமையான நுரையீரல் அழற்சி மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் அந்நோய் மொத்தத்தில் குறைந்ததென்று உறுதியாகக் கூற இயலவில்லை. பயனுண்டு, எண்ணிய அளவு இல்லை. இவ்வளவேனும் அறிதற்கு ஆண்டுக்கணக்கான பொறுமையும், அவ்வூரார் மொழியறிந்த களப்பணியாளரும் வேண்டியிருந்தன. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் மொழி. இரண்டு வாரத்தில் நான்கு அடுப்புக் கட்டிவிட்டு, நோயை ஒழித்துவிட்டோம் என்று நிழற்படம் எடுத்துக்கொள்வோர் அளந்து போடுவோர் அல்லர்.

மேலே மொழியறிந்த களப்பணியாளர் என்றோம். அவர்க்கு வேண்டியிருந்த மொழி ஸ்பானிய மொழி மட்டுமன்று. அவ்வூர்களில் வழங்கும் மாம் என்னும் மாயா மொழியுமாம். இது நம்மை மற்றொரு செய்திக்கு இட்டுச் செல்கின்றது. குவாத்தமாலாவில் மாயா மொழிகள் மட்டும் 22 உள்ளன. அவற்றுள் கீச்சே, கெக்சீ, மாம், காக்சிக்கேல் என்பன பெருந்தொகையினர் பேசுவன. 2018-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் தம்மை மாயா இனத்தார் எனப் பதிவித்தனர். இம்மொழிகளைப் பேண 1990-இல் மாயா மொழிக் கழகம் சட்டத்தால் அமைந்தது. 2003-இல் தேசிய மொழிகள் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் நீதிமன்றத்திலும் அரசாங்க வைத்தியசாலையிலும் ஸ்பானிய மொழியின் ஆட்சியே ஓங்கி நிற்கின்றது. ஆகவே, மலைநாட்டுச் சிற்றூரிலே அயல்நாட்டு மாணவர் ஒருவரும் மாயா மூதாட்டி ஒருத்தியும் தட்டுத் தடுமாறி ஸ்பானிய மொழியில் உரையாடும்பொழுது, அஃது இருவருக்கும் இரவல் மொழியே. ஒரே வேறுபாடு யாதெனில், மாணவர் அதனை விரும்பிக் கற்றார்; மூதாட்டி அதனை வேறு வழியின்றிக் கற்றாள். இதனை உணர்ந்த மாணவர் தலை தாழ்ந்து நிற்பார். உணராதவர், அம்மூதாட்டியின் பிழைபட்ட பேச்சைக் கண்டு அவளைக் கல்லாதவள் என்று எண்ணிவிடுவார்.

இத்துறையில் மிகக் கடுமையான கண்டனம் கூறியவர், ஸ்பானிய மொழி கற்பிக்கும் நிலையம் ஒன்றை நடத்தியவரே என்பது வியப்பிற்குரியது. வியன்னாவில் 1926-இல் பிறந்த கத்தோலிக்க குருவாகிய இவான் இல்லிச், மெக்சிகோவிலுள்ள குவெர்னவாக்கா நகரில் 1961-இல் ஒரு நிலையம் நிறுவினார். தென்னாட்டு மக்களுக்குப் பணிபுரிய வந்த வட அமெரிக்கர்க்கு அங்கே அம்மொழி பயிற்றப்பட்டது. அவரே 1968 ஏப்ரலில், கோடைத் தொண்டிற்கு மெக்சிகோ செல்ல விழைந்த மாணவர் கூட்டத்தில் பேசுங்கால், 'உதவி செய்ய வாராதீர்' என்று முகத்திலடித்தாற்போல் உரைத்தார். பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள், மலையேறி மகிழ வாருங்கள், உதவுவதாக மட்டும் எண்ணி வாராதீர்கள் என்பது அவர் கூற்றின் சாரம். கேட்கப்படாத நன்மையை எளியோர் மேற் சுமத்துவது அவரை இழிவுபடுத்துவதாகும் என்பது அவர் துணிபு.

அவர் கூறியதிற் பெரும்பகுதியை நாம் ஏற்கின்றோம், முழுதும் ஏற்கவில்லை. கேட்கப்படாத உதவியே அவர் கண்டித்தது. கேட்கப்பட்ட உதவியின் நிலை யாது? அதற்கும் குவாத்தமாலாவின் வரலாறே விடை தருகின்றது.

அந்நாட்டில் 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. இரண்டு லட்சத்திற்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற் போயினர் என 1999-இல் உண்மையறியும் குழு அறிக்கையிட்டது. அடையாளம் காணப்பட்டோருள் நூற்றுக்கு 83 பேர் மாயா மக்கள். காணாமற் போனோரின் மனைவியரும் தாய்மாரும் 1984-இல் ஒரு சங்கம் கூட்டினர். 1985-இல் அச்சங்கத் தலைவர் இருவர் அடுத்தடுத்து உயிரிழந்தபின், எஞ்சியோர் உயிர்க்கு அஞ்சினர். அந்நாளில் 'சர்வதேச அமைதிப் படையணிகள்' என்னும் அமைப்பைச் சேர்ந்த அயல்நாட்டார், அப்பெண்டிரோடு பகலும் இரவும் உடனிருந்தனர். அவர்கள் ஆயுதம் ஏந்தவில்லை; அறிவுரை கூறவில்லை; தலைமை தாங்கவில்லை. அயல்நாட்டார் கண் பார்த்துக்கொண்டிருக்கும்பொழுது கொலைஞன் கை தயங்கும் என்பதே அவர் கருவி. அவர் செய்ததெல்லாம் உடன் நடந்ததும், வாயிலில் அமர்ந்ததும், கண்டதை உலகிற்கு எழுதியதுமே. ஸ்பானிய மொழியை நன்கு அறியாதார்க்கு இப்பணி இயலாது.

மெக்சிகோவில் பத்தாண்டுக்கு மேலாக அகதிகளாயிருந்த மாயா மக்கள் நாடு திரும்ப விரும்பியபொழுது, 1992 அக்டோபரில் அரசாங்கத்தாரோடு தாமே பேசி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். தாம் திரும்பும் வழியில் அயல்நாட்டார் துணைவர வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று. 1993 ஜனவரி 20-இல் ஏறத்தாழ 2,500 பேர் முதற் கூட்டமாக எல்லை கடந்து வந்தனர். அயலார் பலர் அவருடன் வந்தனர். இங்கே உதவியின் வடிவத்தை வகுத்தோர் உதவி பெற்றோரே. என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், எதுவரை வேண்டும் என்பதை அவர் கூறினர். வந்தவர் கேட்டு நடந்தனர். கேட்டு நடத்தற்குச் செவி வேண்டும். செவிக்கு மொழி வேண்டும். மொழி கற்றல் தொண்டிற்கு முன்னுரையாவது இவ்வாற்றானே.

இங்ஙனம் கூறுவதால், மொழி கற்றலே போதும் என்று நாம் கூறுவதாகக் கொள்ளற்க. தியேகோ தே லாந்தா என்னும் ஸ்பானியத் துறவி யூக்காத்தான் நாட்டு மாயா மொழியை நன்கு அறிந்தவர். அம்மக்களின் வழக்கங்களைப் பற்றி விரிவாக எழுதியும் வைத்தவர். அவரே 1562-இல் மானி என்னும் ஊரில் மாயா ஏடுகளைக் குவித்துத் தீயிட்டார். அவர்தம் நன்மைக்காகவே அதனைச் செய்வதாக அவர் எண்ணினார். மொழி அவர் நாவில் இருந்தது, செவியில் இல்லை. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் என்னும் மற்றொரு துறவி குவாத்தமாலாவின் சிச்சிகாஸ்தெனாங்கோ ஊரில் வாழ்ந்தார். கீச்சே மக்களிடம் இருந்த பழங்கதை ஏடு ஒன்றைக் கண்டு, அதனை எழுத்துக்கு எழுத்துப் படியெடுத்து, எதிர்ப்பத்தியில் ஸ்பானிய மொழிபெயர்ப்பையும் எழுதி வைத்தார். மூல ஏடு பின்னர் மறைந்தது; அவர் படியால் 'பொப்போல் வூ' என்னும் அந்நூல் இன்றும் உலகிற்கு எஞ்சியுள்ளது. இருவரும் அயலார்; இருவரும் மொழி அறிந்தோர்; ஒருவர் திருத்த வந்தார், ஒருவர் எழுதிக்கொண்டார். மொழியைக் கற்கும் மாணவர் இவ்விருவருள் எவர் வழியிற் செல்வது என்பதைத் தாமே தேர்ந்துகொள்ள வேண்டும்.

இன்னும் ஒரு தடை எஞ்சியுள்ளது. "அவ்வூரார்க்குப் பயன் சிறிதாயினும், சென்ற மாணவர் மனம் விரிகின்றது, வறுமையை நேரிற் கண்டவர் வாழ்நாள் முழுதும் இரக்கமுடையராவர், அதுவே பெரும்பயன்" என்பர். உண்மை, மறுக்கமாட்டோம். ஆனால் அது மாணவர் பெற்ற பயன். அதனைத் தம் வரவுப் பக்கத்தில் எழுதுக. அவ்வூரார்க்குத் தாம் கொடுத்த உதவியாகச் செலவுப் பக்கத்தில் எழுதற்க. கணக்கைத் திருத்தமாக வைத்திருப்போர், தாம் பட்ட கடனை அறிவர். கடனை அறிந்தோர், அதனைத் திருப்பும் வழியையும் நாடுவர். ஊர் திரும்பிய பின் அந்நாட்டாரின் நிலையைத் தம் நாட்டார்க்கு உண்மையாக எடுத்துரைத்தலும், தம் ஊரிலே மொழி தெரியாது தவிக்கும் அயலார்க்கு மொழிபெயர்த்து உதவுதலும் அக்கடனைத் திருப்பும் வழிகள். வட அமெரிக்க நகரங்களில் வைத்தியசாலையிலும் நீதிமன்றத்திலும் ஸ்பானிய மொழி மட்டும் அறிந்தோர், மாயா மொழி மட்டும் அறிந்தோர் எத்துணையர்! குவாத்தமாலாவிற் கற்ற மொழிக்கு அங்கே வேலை உண்டு. அவ்வேலைக்கு விமானச் சீட்டு வேண்டுவதில்லை.

ஆதலின், இவ்வழியிற் செல்ல விரும்பும் மாணவர்க்கு நாம் கூறுவன சில. புறப்படுமுன் நான்கு வினாக்களைக் கேட்டு விடை பெறுக. இப்பணியை வேண்டியவர் யார்: அவ்வூராரா, அன்றிப் பயணம் ஏற்பாடு செய்து பணம் பெறுவோரா? நாம் வருமுன் இதனைச் செய்தவர் யார். நாம் சென்றபின் செய்வார் யார்? நம் ஊரிலே, நம் தகுதிக்கு, இப்பணியைச் செய்ய நம்மை அனுமதிப்பார்களா? நாம் செலுத்தும் பணத்தில் ஆசிரியர்க்கும் இல்லத்தார்க்கும் சேர்வது எவ்வளவு? மூன்றாம் வினாவை மருத்துவம் பயிலும் மாணவர் சிறப்பாக உளங்கொள்ளல் வேண்டும். தம் நாட்டிலே ஊசி குத்த உரிமை இல்லாதவர்க்கு, ஏழையின் நாட்டிலே அவ்வுரிமை முளைத்துவிடாது.

சென்றபின், முதற் சில வாரங்களை முழுதும் மொழிக்கே கொடுக்க. தனித்துக் குழந்தைகளைக் காக்கும் பணியை ஏலாது ஒழிக. கைத்தொண்டு செய்ய விரும்பின், உள்ளூர்க் கொத்தனார்க்குக் கீழ்ச் சிற்றாளாய் நின்று கல் சுமக்க; அவர் ஆணையிட, கேட்டு நடக்க. ஆணையைக் கேட்டு நடத்தல் மிகச் சிறந்த மொழிப்பாடமும் ஆகும். மாயா ஊரில் தங்குவோர், ஸ்பானிய மொழியோடு அவ்வூர் மொழியிலும் சில சொற்களேனும் கற்க. கீச்சே மொழியில் நன்றி கூற 'மால்த்யோஷ்' என்பர். பெறுபவர் முதலிற் கற்க வேண்டிய சொல் அதுவன்றோ?

உதவும் உள்ளம் அரியது. அதனை அவிப்பது நம் கருத்தன்று. விதை நல்லதாயினும் நிலத்தை உழாது வீசினால் பறவைக்கே இரையாகும். மொழி கற்றல் என்பது அந்த உழவு. அது மெல்ல நடப்பது, முதுகு வளைய நடப்பது, பிறர் நிலத்தில் அவர் இசைவு பெற்று நடப்பது. நம் மாணவருள் எவரேனும் நாளை அந்திகுவாவின் கல் பாவிய வீதியில் நடப்பரேல், கையிற் பரிசுப்பொருளோடு செல்லாது குறிப்பேட்டோடு செல்வாராக. 'சபேர்' என்னும் அறிவோடு சென்று 'கோனோசேர்' என்னும் அறிவோடு திரும்புவாராக.